கால்ஃபீல்ட், ஐந்தாம் இரவு

நாற்பது டிகிரி.
காரில் மறந்துபோன பெட்டிக்குள்
மெழுகுவத்திகள் இடுப்பொடிந்து கிடந்தன.
ஒன்றை நிமிர்த்தினால் இன்னொன்று சாய்கிறது.
"குளிர்காலப் பண்டிகை!"
ஆஷர் சிரித்துக்கொண்டே மின்விசிறியை நிறுத்தினான்.

ஒன்பது மணி தாண்டியும்
போக மனமில்லாமல்
சன்னலில் நிற்கிறது வெளிச்சம்.
சோபாவில் பாதி உறங்கிய தாலியா கேட்டாள்:
இன்றைக்கு யாரும் நெருப்பு மூட்டக்கூடாதென்று
ரேடியோவில் சொன்னார்களே?

அது வெளியில்தான் கண்ணே, என்றேன்.
சொல்லிவிட்டு
ஒரு வாளித் தண்ணீரை
மேசைக்கடியில் தள்ளி வைத்தேன்.

வலமிருந்து நட்டு, இடமிருந்து ஏற்ற வேண்டும்.
கடைசியாய் வந்ததற்குத்தான் முதல் சுடர்.
இந்த ஒரு விதி மட்டும்
முதல் வருடமே எனக்குப் பிடித்துப்போனது.
ஹீப்ரூ வரிகளில் என் உதடு
எட்டு வருடமாய்
ஒரு சொல் பின்னால்தான் வருகிறது.

அணையும்வரை பெண்கள் வேலை தொடக்கூடாதாம்,
அரை மணி நேரம்.
தொட்டியில் உருளைக்கிழங்கு பொரித்த சட்டி
எண்ணெயோடு என்னைப் பார்த்தது.
பார்க்கட்டும்.

வளைந்த மெழுகுவத்திகள்
ஒன்றின்மேல் ஒன்று உருகி ஒழுகி
இருபதே நிமிடத்தில் தீர்ந்தன.
ஆஷர் விளக்கைப் போட எழுந்தான்.
உட்கார், என்றேன்.
மீதிப் பத்து நிமிடத்தை
நான் யாருக்கும் விட்டுத்தருவதாயில்லை.