மூன்று நிமிடம்

எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய திரை.
குடிநீர்க் கழகத்தின் பதினேழு கிளைகளும்
அதில் பச்சைப் பொட்டுகள்.
காலையில் மாத்தே குவளையோடு வந்து
முதலில் அதைத்தான் பார்ப்போம்.
எல்லாம் பச்சை என்றால்
மேலாளர் தன் குவளையை எங்களிடமும் நீட்டுவார்.

நான் புகார்களை மூடுகிறவன்.
தீர்ப்பவன் என்கிறது அடையாள அட்டை.
சராசரி நாலரை நிமிடத்துக்கு ஒன்று.
'அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்'
என்றெழுதியே பாதி வயது போயிற்று.

சால்ட்டோ கிளையிலிருந்து ஒன்று மட்டும்
மூட மூடத் திறந்துகொண்டது,
கொக்கி தேய்ந்த ஜன்னல் மாதிரி.
'இது என்னை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது.'
அவ்வளவுதான் வாசகம்.
படம் இல்லை, பிழை எண் இல்லை.
பதினோராம் முறை
மேலாளர் என்னை பஸ் ஏற்றிவிட்டார்.

ஜூலை மாதம்.
ஆற்றிலிருந்து எழுந்த குளிர்
கதவுக்கு அடியில் நுழைந்துகொண்டிருந்தது.
கவுண்ட்டரில் மிர்த்தா ஒலைசோலா,
விரல் நுனி வெட்டிய கையுறைகளோடு.
'மொந்தேவிதேயோவா? உட்காருங்கள்' என்றாள்.
வேறெதுவும் கேட்கவில்லை.
அவள் தோளுக்குப் பின்னால்
ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன்.

பீரிஸ் என்றொரு கிழவர் வந்தார்.
கோட்டின் இடது பையில் ரசீது இல்லை.
வலது பையில் இல்லை.
உள்பையில் கண்ணாடி இருந்தது,
அதைப் போட்டுக்கொண்டு மறுபடி இடது பை.
ரசீது கிடைத்தபோது திரை இருண்டிருந்தது.

மூன்று நிமிடம் விசை தட்டாவிட்டால்
அங்கே ஆளில்லை என்று கொள்க.
அது நாங்கள் எழுதிய விதி.
ஆள் இருந்தாள்.
கிழவரின் பையைப் பார்த்துக்கொண்டு,
அவசரப்படுத்தாமல் இருந்தாள்.
பொறுமையாக இருப்பது
எங்கள் கணக்கில் வராது.

பன்னிரண்டு எழுத்துக் கடவுச்சொல்.
உள்ளே போனால் முதல் பக்கம்.
அங்கிருந்து ஆறு பக்கம் தாண்டி பீரிஸ்.
அன்றைக்கு முப்பத்தொரு தடவை எண்ணினேன்,
பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

அவள் மவுஸின் வயிற்றில் ஒரு ரப்பர் பேண்ட்.
சுவரில் கையெழுத்தில் ஓர் அறிவிப்பு:
'படிக்க ஏதாவது கொண்டு வரவும்.'
மேசைக்கடியில் கோடு போட்ட நோட்டு.
பகலில் அதில் எழுதி
ஐந்து மணிக்குக் கூட்டம் போனபின்
கணினிக்குச் சொல்வாளாம்.
நாங்கள் பச்சையாகப் பார்த்தது
அந்த நோட்டைத்தான்.

'மவுஸுக்குப் புகார் தரலாமே?'
சிரித்தாள்.
'அந்தப் படிவத்தில் இருபத்து மூன்று கட்டங்கள்.
நிரப்புவதற்குள் மூன்று நிமிடம் ஆகிவிடும்.'

பூட்டிய வீட்டுக்குள் சாவியை வைத்துவிட்டு
வாசலில் நிற்பவரைப் பார்த்து
ஏன் கேட்கவில்லை என்கிறோம்.

பையிலிருந்த என் மவுஸைக் கொடுத்தேன்.
பஸ் கட்டணத்தில் பாதிகூட வராது அதன் விலை.
மூன்றைப் பதினைந்தாக்க
பாதுகாப்புக் குழு ஏழு வாரம் கூடியது.
பத்துக்கு ஒப்புக்கொண்டார்கள்.
இருண்டாலும் விட்ட இடத்திலேயே விழிக்க வேண்டும்
என்ற இன்னொரு கோரிக்கை
இன்னும் யாருடைய மேசையிலோ.

அதன்பின் சால்ட்டோவிலிருந்து புகாரே இல்லை.
மேலாளர் குவளையை நீட்டினார்.
எனக்கு இறங்கவில்லை.
சரியாகிவிட்டதால் பேசாதிருப்பதும்
சலித்துப்போய்ப் பேசாதிருப்பதும்
எங்கள் திரையில் ஒரே பச்சை.

தொலைபேசியில் கூப்பிட்டேன்.
'பெந்தங்கூரா? இருங்கள், ஆள் நிற்கிறார்'
என்று ஒலிவாங்கியை மேசையில் வைத்தாள்.
இருமல் சத்தம்.
சில்லறை விழும் சத்தம்.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
காதில் வைத்தபடி
நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
மூன்று, மூன்றரை, நாலு.

பிறகு விசைகள்.
பன்னிரண்டு இல்லை, இரண்டே தட்டு.
அப்புறம் பிரிண்டர்.