பாகம் பிரித்த குடில்

அப்பா போன வருஷம்
வீட்டோடு குடிலும் பாகமானது.
மாதா, சூசையப்பர், பாலன்
அண்ணன் ஞானப்பிரகாசத்துக்கு.
எனக்கு மூன்று ராஜாக்கள்,
காதுடைந்த கழுதை,
ரசம் போன கண்ணாடி உருண்டைகள் பதினொன்று.
பன்னிரண்டாவதை யார் உடைத்தது என்ற வழக்கு
இன்னும் முடியவில்லை.

லிங்கராஜபுரத்தில் இது ஆறாவது டிசம்பர்.
அதே பழைய தினத்தாளைப் பிரித்து
ராஜாக்களை ஜன்னல் விளிம்பில் நிறுத்துகிறேன்,
முகம் பொம்மனஹள்ளிப் பக்கம்.

“எங்க போறாங்க?”
“பெரியப்பா வீட்டுக்கு.”
“ஆறு வருஷமாவா?”
“சில்க் போர்டு சிக்னல்ல நிக்கிறாங்க.”

ஜெசிந்தா சிரிக்கவில்லை.
சீரியல் பல்பு மினுங்கி அணைய,
வெள்ளைப்போளம் ஏந்தியவரை மட்டும்
கைக்குட்டையில் சுற்றி
என் ஹெல்மெட்டுக்குள் வைத்தாள்.

பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க
கீழே இறங்கினேன்.