பூச்சியத்தின் ஆணி

முதல் ஆட்டம், பதினோராவது நிமிடம்,
என் காறை எலும்பு முறிந்தது.
சுள்ளி ஒடியும் சத்தம்; எனக்கே கேட்டது.
முதலில் தூளியில் தொங்கிய கையோடும்
பிறகு மருத்துவர் பேச்சுக்குப் பயந்தும்
அந்தப் பருவம் முழுக்க
ஸ்கோர் பலகை என் பொறுப்பு.

ஹார்ஸ்பி துறைமுக மகளிர் ரக்பி லீக் கிளப்.
பெயர் நீளம், ஆள் குறைவு.
பதின்மூன்று பேர் வேண்டும், பதினான்கு பேர் இருந்தோம்.
நான் விழுந்ததும் கணக்கு சரியாகிவிட்டது.

புதுப் போட்டி, ஏழு ஊர்கள்.
கோப்பை இன்னும் செய்தாகவில்லை,
கடிதத் தலைப்பு மட்டும் அச்சாகியிருந்தது.
விதிப்புத்தகத்தில் ஒன்பதாம் பக்கம் இரண்டு முறை,
பத்தாம் பக்கம் இல்லவே இல்லை.

பலகை கிரிக்கெட்காரர்களிடம் கடன் வாங்கியது.
தகர எண்கள், துளையிட்டவை;
விருந்தாளிக்குச் சிவப்பு, வீட்டுக்கு வெள்ளை.
சிவப்பை ஓடி ஓடி மாட்டினேன்.
நான்கு, ஆறு, பத்து, பன்னிரண்டு, பதினாறு…
ட்ரைக்கு நான்கு, பின்னால் உதைக்கு இரண்டு,
பெரும்பாலும் இரட்டைப்படையாகவே ஏறும் ஆட்டம்.
வெள்ளையில் பூச்சியம் மட்டும்தான்.
ஏப்ரலில் மாட்டியது
கடற்காற்றில் ஆடி ஆடி
மரத்தில் ஒரு பிறை கீறிவிட்டது.

ஆனாலும் சொல்ல வேண்டும்.
மீன் கொட்டகையில் இரவெல்லாம் நின்றுவிட்டு
நேரே மைதானம் வருவாள் கோரா டினியன்.
அவளைக் கட்டிப்பிடித்து வீழ்த்தியவர்கள்
திங்கள்வரை கானாங்கெளுத்தி மணத்திருப்பார்கள்.
பள்ளிச் சமையலறை எலைன் பியூஷர்
பந்தை நழுவவிடும் போதெல்லாம் சாரி என்பாள்,
எதிராளியிடமும்.

மே மாதம் ஸ்காரோபியில்
வினிஃபிரட் ஃபியரன் கோட்டைத் தாண்டி விழுந்தாள்.
வயிற்றுக்கடியில் பந்து, முதுகின்மேல் மூன்று பேர்.
ஆடு ஈனுவதைப் பார்ப்பவர்போல
நடுவர் குனிந்து பார்த்தார்.
பந்து தரை தொடவில்லை என்றார்.
ஜெர்ஸியில் புல் கறை இருந்தது.
வேனில் வழியெல்லாம் அதையே
காட்டிக்கொண்டு வந்தாள்.

ஜூனில் கெல்டன் அணி வரவில்லை.
இரண்டு கல்யாணம், ஒரு பிரசவம்,
ஒன்பது பேர்தான் தேறினார்களாம்.
லீக்கிலிருந்து கடிதம் வந்தது:
வெற்றி உங்களுக்கே, இருபத்து நான்கு, பூச்சியம்.
மழையில் நின்று படித்தோம்.
யாரும் கத்தவில்லை.
வெள்ளை இரண்டையும் நான்கையும் கையில் எடுத்தேன்.
ஓடாத ஓட்டத்துக்கு
மூச்சு வாங்கக் கூடாது என்றாள் கோரா.
திரும்ப வைத்துவிட்டேன்.
அவர்கள் ஆறுக்கு ஆறாகப் பிரிந்து
இருட்டும்வரை ஆடினார்கள்.
யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

செப்டம்பர். கடைசி ஆட்டம்.
முப்பத்து நான்கு, பூச்சியம். இரண்டு நிமிடம் மீதி.
நாய்களோடு வந்தவர்கள் கிளம்பத் தொடங்கியிருந்தார்கள்.
ஐந்தாவது தடுப்பு முடிந்து பந்து கோராவிடம்.
முன்வரிசைக்காரி, உதைப்பது அவள் வேலையல்ல.
ஒரு நொடி நின்றாள்.
என்னைப் பார்த்தாள், அல்லது பலகையை.
பந்தைக் கீழே விட்டாள், அது எழும்பும்போதே
கோணல்மாணலாகக் கணுக்காலால் ஒரு இடி.
குறுக்குக் கம்பத்தில் உட்கார்ந்து
சற்று யோசித்து
அந்தப் பக்கம் விழுந்தது.

ட்ராப் கோல். ஒரு புள்ளி.
முப்பத்து நான்குக்கு எதிரே
எதற்கும் ஆகாத ஒன்று.
எதிரணிக்காரிகள் சிரித்தார்கள்,
பிறகு ஒருத்தி கை தட்டினாள்.

பெட்டியில் வெள்ளை ஒன்று இல்லை.
கொட்டகைக் கதவு காற்றில் அடிக்காதிருக்க
யாரோ அதை மடித்து ஆப்பாகச் செருகியிருந்தார்கள்.
பிடுங்கி, முழங்காலில் வைத்து நிமிர்த்தி, மாட்டினேன்.
நடுவில் ஒரு மடிப்பு.
தூரத்திலிருந்து பார்க்க ஏழு போலிருந்தது.

பட்டியலில் ஏழுக்கு ஏழாவது.
எடுத்த புள்ளி இருபத்தைந்து.
கடிதம் தந்தது இருபத்து நான்கு.

அன்று மாலையே கதவு படீர் படீரென்று அடித்தது.
ஆப்பு எங்கே என்று கேட்டாள் எலைன்.
பூச்சியத்தைக் கொடுத்தேன்.
லேசில் மடியவில்லை, நல்ல தகரம்.
இரண்டு பேரும் மேலே ஏறி நின்று
மிதிக்க வேண்டியிருந்தது.