பதினொரு மாதம்

பிள்ளைக்குப் பத்து மாதம்,
வாடகைப் பத்திரத்துக்குப் பதினொன்று.
பன்னிரண்டானால் ரெஜிஸ்டர் செய்யணும் பிள்ளே, செலவு,
என்றாள் டைப் அடிக்கும் ரெத்தினபாய்.
செலவு என்ற சொல்லுக்கே தலையாட்டி
வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

மஸ்கட்டில் ஒன்பது வருடம்
டயாலிசிஸ் வார்டில் இராத்திரி ஷிப்ட்,
பிறருடைய சிறுநீரகத்துக்குக் காவலிருந்து சேர்த்தது
ஆசாரிப்பள்ளத்தில்
மெடிக்கல் காலேஜுக்குப் பின்னால்
நாலு சென்ட்,
மேலே ஒன்று கீழே ஒன்றாய் இரண்டு போர்ஷன்.
ரப்பர் வாங்கு என்றான் அண்ணன்.
ரப்பர் விலை விழும்,
மனுசனுக்கு நோய் விலகுமா என்று கேட்டேன்.
ஆஸ்பத்திரி இருக்கும்வரை
அடுத்த தெருவில் குடியிருக்க ஆள் இருக்கும்.
எனக்குத் தெரிந்த பொருளாதாரம் அவ்வளவுதான்.

வங்கிக்கு மாதம் பதினெட்டாயிரத்து நானூறு.
கீழே எட்டு, மேலே ஏழு,
பாக்கி மூவாயிரத்து நானூறை
வெட்டூர்ணிமடம் கிளினிக்கில் ஊசி போட்டு அடைக்கலாம்.
தாளில் எல்லாம் நேராக நின்றது.
தாளில் மழை பெய்வதில்லை.

எங்கள் மாவட்டத்துக்கு மழை இரண்டு.
ஆனியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று.
விற்றவர் வீட்டைக் காட்டியது மாசியில்.
மாசியில் எல்லாச் சுவரும் யோக்கியன்.

மேலே சஜினும் அபிஷாவும் வந்தார்கள், ஆடியில்.
அவன் லேப் டெக்னீஷியன், களியக்காவிளைப் பக்கம்.
தரகர் சுயம்பு ஒரு மாத வாடகையை எடுத்துக்கொண்டு
கீழ்வீட்டுக்கும் ஆள் ரெடி என்றார்.
வந்தவர்கள் எல்லோரும் ஒற்றிக்குக் கேட்டார்கள்.
ஒற்றி வாங்கினால் கை நிறையும்,
மாதம் வற்றும்.
மாட்டேன் என்றேன்.
கீழ்வீடு பூட்டிக் கிடந்தது.
வாரம் ஒருமுறை போய்
யாரும் இல்லாத அறைகளைக் கூட்டிவிட்டு வந்தேன்.
அதற்கும் வங்கிக்கும் சம்பந்தமில்லை.

ஐப்பசி, இரவு பத்து மணி.
அக்கா, வெள்ளம் வருது.
எங்கள் ஊரில் குடிப்பதும் வெள்ளம், மூழ்குவதும் வெள்ளம்.
எந்த வெள்ளம் என்று கேட்டேன்.
கட்டிலுக்கு மேலேயிருந்து.

ஸ்கூட்டரில் நனைந்து போனேன்.
மொட்டைமாடித் தண்ணீர்
விளக்குக் கம்பி வழியாக இறங்கி
ஒரு வாளி, ஒரு குட்டுவம், ஒரு குக்கரில்
வேறு வேறு சுருதியில் விழுந்துகொண்டிருந்தது.
அபிஷா திட்டவில்லை.
திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

கேஸ் சிலிண்டர் மேல்
சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது
அவர்கள் கல்யாணப் போட்டோ.
ஏன் மாட்டவில்லை?
எட்டாவது நிபந்தனை அக்கா,
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

ரெத்தினபாயின் கம்ப்யூட்டரில்
யாருக்கோ அடித்து மிச்சமிருந்த வரி அது.
நான் வாசிக்காததை
ஒருத்தி உட்கார்ந்து முழுதும் வாசித்திருக்கிறாள்.
மஸ்கட் பத்திரத்திலும் அப்படியொரு வரி உண்டு.
அது அரபியில் இருந்தது.
ஒன்பது வருடம்
யூனிபார்மை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன்.

கொத்தனார் முப்பத்தோராயிரத்து ஐந்நூறு சொன்னார்.
மேல்வீட்டு வாடகைக்கு நாலரை மாதம்.
ரப்பர் மரம் ஒழுகினால் காசு, என்றான் அண்ணன்.
சிரித்துவிட்டேன், என்ன செய்ய.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை
சுத்தியலோடு நானே போனேன்.
முதல் இடத்தில் ஆணி நிற்கவில்லை,
பூச்சு மாவாய்க் கொட்டியது.
ஒரு முழம் தள்ளி அடித்தேன், அங்கேயும் அப்படியே.
வடக்குச் சுவரில் நின்றது.
சஜின் போட்டோவை மாட்ட,
அபிஷா தூர நின்று
இடது பக்கம் தாழ்ந்திருக்கு என்றாள்.
நான் சுவரில் இருந்த இரண்டு ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
விலை பேசிய அன்று
மூன்று பேர் சொல்லாததை
இரண்டு ரூபாய் ஆணி சொல்லிவிட்டது.

கீழ்வீடு இன்னும் காலி.
கேட்டில் என் நம்பர் எழுதிய பலகை,
எட்டுக்குக் கீழே ஏழரை என்று திருத்தியிருக்கிறேன்.
சுயம்பு நேற்று போன் செய்தார்,
பார்வதிபுரத்தில் ஒன்று வருகிறதாம், மலிவு.
ஐப்பசியில் வந்து பார்க்கிறேன் என்றேன்.
கைப்பையில் சில்லறையோடு
ஒரு ஆணி கிடக்கிறது.