சனி, பத்திலிருந்து மூன்று வரை

எமன்டால் பக்கம், ட்ரூப்பைத் தாண்டி ஒரு மரவீடு.
வாசலில் நாய்க்கென்று தண்ணீர்ச் சட்டி,
கால் துடைக்கப் பழந்துவாய்,
ஆணியில் தொங்கும் நாலு கழுத்துப்பட்டிகள்,
யார் யாரோ மறந்தவை.
நாய்க்கு ஓரிரவு பதினைந்து பிராங்க் என்கிறது
குளிர்ப்பெட்டியில் ஒட்டிய தாள்.
கட்டிலில் ஏறக்கூடாது.
தனியே விடக்கூடாது.
ஆடுகளைக் கண்டால் கயிற்றில் பிடிக்க வேண்டும்.
என் ஜெர்மனுக்கு இவ்வளவும் விளங்கும்.

போனவர்களுக்கும் வருபவர்களுக்கும் நடுவே
ஐந்து மணித்தியாலம் இந்த வீடு என்னுடையது.
நாய்களை நான் கண்டதில்லை. மயிரைத்தான் தெரியும்.
வெள்ளை ஊசிமயிர் சோபாவுக்குள் தைத்துக்கொள்ளும்.
கறுத்தச் சுருள் குளியலறைத் துவாரத்தில் திரளும்.
பொன்னிறம் எங்கும், என் மதியச் சாப்பாட்டிலும்.
கட்டிலில் ஏறியது எதுவென்று
போர்வையை உதறாமலே சொல்வேன்.
ரெகுலாவிடம் சொல்வதில்லை.

நாய்கள் போன பிறகு வந்தால் போதும் என்றதால்தான்
இந்த வேலைக்கே சம்மதித்தேன்.
ஒன்பது வயதில் கடித்தது, பக்கத்து வளவு நாய்.
தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி.
பதினாலு காலை, அப்பாவின் சைக்கிள் பாரில்.
எண்ணப் பழகியது பள்ளிக்கூடத்தில் அல்ல.

இன்று
குசினி வாங்குக்கு அடியில் தும்புத்தடியை விட்டேன்.
தும்புத்தடி திரும்பி வரவில்லை.

குனிந்தால்
சாம்பல் தாடி. இரண்டு கண்.
வாயில் என் தும்புத்தடியின் நுனி;
கடிக்கவில்லை, பிடித்துக்கொண்டிருந்தது,
கைகுலுக்க யாரோ நீட்டியதுபோல.

மேசையில் ஏறி நின்றேன்,
நாற்பத்தெட்டு வயதில், ரப்பர் கையுறையோடு,
ஊசிகளை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணியபடி.

தொலைபேசியில் ரெகுலா சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
இரண்டு காரில் வந்த குடும்பமாம்.
பின் காரில் இருக்கிறதென்று முன் காரும்
முன் காரில் இருக்கிறதென்று பின் காரும்
பாசல் வரை போய்விட்டன.
பெயர் கூனோ. வயது பதின்மூன்று.
காது கேட்காது. ஏறு ஏறு என்று கத்தியது
அதற்கு எங்கே தெரியும்?

ஒன்றரை மணித்தியாலம் ஆகும் என்றாள்.
மேசையில் நின்று கட்டில் விரிக்க முடியாது.
இறங்கினேன்.
ஒவ்வொரு படிக்கும் யோசித்து யோசித்து
என் பின்னால் மாடிக்கு ஏறி வந்தது.
தள்ளி நில் என்றேன். கிட்ட வராதே.
உன் ஆட்களுக்கு ஆள் எண்ணத் தெரியாதா?
எல்லாம் தமிழில்.
ஆறு வருஷத்தில் இந்த வீட்டுக்குள்
நான் வாய்விட்டுப் பேசியது இன்றுதான்.
டெர், டீ, டாஸ் என்று அது திருத்தவில்லை.
வாலை மட்டும் ஒருமுறை நிலத்தில் தட்டியது,
அதுவும் வேறு எதற்கோ.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன்.
புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும்.
குழம்பு உறைப்பு. புட்டை மட்டும்
இருப்பதிலேயே நீளமான அகப்பையால் தள்ளிவிட்டேன்.
தேங்காய்ப்பூவைத் தேடித் தேடி நக்கி
மாவை அப்படியே விட்டது.
என் மகனும் இதே கள்ளன்தான்.

கார் வந்தது. மூன்று பிள்ளைகள் அழுதுகொண்டே இறங்கினார்கள்.
தாய்க்காரி கூனோவின் கழுத்தில் முகத்தைப் புதைத்து
அப்படியே கிடந்தாள்.
நிமிர்ந்து, கண்ணைத் துடைத்து,
உங்களுக்கு நாய் என்றால் நல்ல விருப்பம்போல என்றாள்.
யா என்றேன்.
அந்த மொழியில் என்னால் பிழையில்லாமல் சொல்லக்கூடிய
பொய் அது ஒன்றுதான்.

நேரத்தாளில் அந்த ஒன்றரை மணித்தியாலத்தைக்
குசினித் தரை என்று எழுதினேன்.
தரையைத் துடைக்க நேரம் இருக்கவில்லை.

மூன்றேகாலுக்கு மஞ்சள் பஸ். அதற்குள்
அடுத்த நாய் வந்துவிடும்.
நேரே வாங்குக்கு அடியில் போய் மூக்கை வைக்கும்.
மாவும் தாடியும் ரப்பரும்
கொஞ்சம் பழைய பயமும் மணக்கும்.
வா வா என்று வெளியிலிருந்து கூப்பிடுவார்கள்.
அது உடனே போகாது.