நூற்று அறுபத்தெட்டு மணி நேரம்

பூட்டைத் திறக்க அனுமதி கேட்டேன்.
நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் பொறு என்றது கம்பெனி.
என் பணம். எண்ணூறு லாரி, பத்துத் தவணை.
என் விரல் எண்ணெய் படிந்த கண்ணாடி.
ஆனாலும் பொறு.

குத்தாயிசிச் சந்தையில் சாவி வெட்டும் பத்ரி
போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
காதருகே வைத்து ஆட்டியும் பார்த்தான்.
"கார், பெட்டகம், போன மாதம் ஒரு சவப்பெட்டிக் கடை,
எதைத் திறக்கவில்லை நான், எதெரி?
இதற்குத் துவாரமே இல்லையே."
மடிக்கணினியை மட்டும் இரவல் தந்தான்,
எழுத்துகளுக்கிடையே பித்தளைத் தூளோடு.

காத்திருந்த நாட்களில்
அது வழக்கத்தைவிட அன்பாக இருந்தது.
மருந்துக்கடைக்குப் பதினோரு நிமிடம்,
பாலத்தில் நெரிசல் என்றது.
பசி எனக்குத் தெரியுமுன்பே
பாலாடைக்கட்டி ரொட்டியின் விலை சொன்னது.
யாரிடமும் சொல்லாத முதுகுவலிக்கு
மூன்று மெத்தைகளைக் காட்டியது.

இதற்கெல்லாம் நான் கோபப்பட்டதில்லை.

மார்ச்சில், லமாராவை உள்ளே கொண்டுபோன இரவு,
நடைவழியில் நின்று
காப்பீட்டுக்காக ரசீதுகளைப் படமெடுத்தேன்.
ஒன்று மங்கல்.
ஒன்றில் என் செருப்பு.
ஒன்றில், கை நழுவி,
கதவின் வட்டக் கண்ணாடியும் அதற்குள் அவள் பாதமும்.
ஜூனில், ரொட்டி வரிசையில் நிற்கையில்,
போன் தானாகவே அவற்றைக் கோத்துப்
பியானோ சேர்த்து நீட்டியது:
'வசந்தத்தின் ஒரு மாலை. சகோதரிகள்.'
எப்படித் தெரியும் அவள் என் சகோதரி என்று?
பாதத்தை வைத்தா?

எனக்குப் பின்னால் நின்றவர் நகரச் சொன்னார்.
நகர்ந்தேன். ரொட்டி வாங்கினேன்.
வேர்வரை போய்விடுவது என்று
மீதிச் சில்லறையை எண்ணும்போது முடிவு செய்தேன்.

ஏழாம் நாள், அதிகாலை நான்கு.
கடையில் இன்சுலின் வைத்த குளிர்பெட்டியின் முனகல் மட்டும்.
திரையில் கேள்வி:
எல்லாம் அழியும், சம்மதமா?
ஒலி கூட்டும் பொத்தான் என்றால் ஆம்.
குறைக்கும் பொத்தான் என்றால் இல்லை.
லமாரா அனுப்பிய குரல்கள் நாற்பத்தியொன்று.
எடுத்துவைத்ததை எண்ணினேன். நாற்பது.
மறுபடி எண்ணினேன். நாற்பது.
தேடத் தொடங்கியபோது மணியடித்தார்கள்,
குழந்தைக்குக் காய்ச்சலாம்.
மருந்தைக் கொடுத்தேன், அளவைச் சொன்னேன்,
வந்து உட்கார்ந்து
ஒலியைக் கூட்டினேன்.

கருப்பு.
குளிர்பெட்டி நின்ற பிறகுதான்
இவ்வளவு நேரம் இரைந்தது புரிவதைப்போல்
ஒரு கருப்பு.

பிறகு எழுந்தது. பெயர் கேட்கவில்லை.
பிறந்த தேதி கேட்கவில்லை.
நான்கு சின்னங்கள், ஒரு கடிகாரம்,
அதுவும் தப்பான நேரம்.

வங்கிச் செயலி மட்டும் உள்ளே விட மறுத்தது.
சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை.
மழையில் ரியோனி ஆற்றைக் கடந்து
வரிசையில் நாற்பது நிமிடம் நின்றேன்.
"செயலி இல்லையா அம்மா?" என்றாள் கண்ணாடிக்குப் பின்னிருந்தவள்.
இருக்கிறது, அதற்கு என்மேல் நம்பிக்கை இல்லை என்றேன்.
சிரிக்காமல் முத்திரை குத்தினாள்.

முழு விடுதலை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.
குன்றின்மேல் சிவப்பு விளக்கோடு நிற்கும் கோபுரத்துக்கு
நான் எந்தத் தெருவில் இருக்கிறேன் என்று இன்னும் தெரியும்.
பத்ரிக்கும் தெரியும்; அவன் வேறு.
ஒவ்வொரு முறை போனை உயிர்ப்பிக்கும்போதும்
ஆரஞ்சு எழுத்தில் ஐந்து நொடி எச்சரிக்கை:
இந்தக் கருவியை நம்ப வேண்டாம்.
அந்த ஐந்து நொடியில் பெரும்பாலும்
ஷூ கயிறு கட்டி முடித்துவிடுவேன்.

நாற்பத்தியோராவது கிடைக்கவில்லை.
அவர்களுடைய ஏதோ ஒரு கிடங்கில் இருக்கலாம்,
எண்ணாக, பனிப்பிரதேசத்தில்.
ஆறு நொடிக் குரல்.
எனக்கு மனப்பாடம்.
என்ன சொன்னாள் என்று
இங்கே எழுதப்போவதில்லை.