காசிமாயனும் பிறரும்

அந்தப் படிவத்தில்
குடும்பப்பெயர் என்றொரு கட்டம் இருந்தது.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
இரவு பதினொன்றரை. யூபிஎஸ் கத்தத் தொடங்கியிருந்தது.
என் இனிஷியலை விரித்து
காசிமாயன் என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

அன்றிலிருந்து
சோடியம் மாங்கனீசு ஆக்சைடை
ஐந்நூறு முறை ஏற்றி இறக்கியவர்
என் அப்பா.

கொரியாவில் ஒருவர்: காசிமாயனும் பிறரும் காட்டியபடி.
முன்ஸ்டரில்: காசிமாயனின் முறையைச் சற்றே மாற்றி.
சாவ் பாவ்லோவில் ஒருத்தி: காசிமாயன் கருதுவதற்கு மாறாக.
அறுநூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள்.
பாதிக்கு மேல்
பதினான்கு முதல் இருபத்திரண்டு வரை என்று மொத்தமாக,
மாட்டுத்தாவணி ஷேர் ஆட்டோவில் அடைக்கிற மாதிரி.
எங்கள் கட்டுரை அதில் பதினேழு,
டிரைவர் பக்கத்தில், ஒரு கால் வெளியே.

பஞ்சவர்ணம் என்று தேடினால் நான்கே கட்டுரைகள்.
அதிலொன்று கோழித்தீவனம் பற்றியது.
அது நானில்லை.

பதவி உயர்வுக் குழுவில் கேட்டார்கள்:
எச்-இண்டெக்ஸ் எவ்வளவு?
எனக்கா, எங்கப்பாவுக்கா
என்று நாக்கு நுனி வரை வந்தது.
இருபத்தொன்று என்றேன்.
குறித்துக்கொண்டார்கள். டீ வந்தது.

அப்பாவுக்கு ஆரப்பாளையத்தில் பேட்டரிக் கடை.
வாசல் முழுக்க லாரி பேட்டரிகள்
சிவப்பும் கறுப்புமாகக் கிளிப் கடித்துக் கிடக்கும்.
ஆசிட் பொத்தல் இல்லாத சட்டை அவரிடம் ஒன்றுதான்,
கல்யாண வீடுகளுக்கு.
ஞாயிற்றுக்கிழமை கணக்கைச் சொன்னேன்.

"அறுநூத்திப் பன்னெண்டு பேரா? எம் பேரையா?
ஒருத்தனாச்சும் பாக்கி வச்சிருக்கானா?"

எல்லாமே பாக்கிதாம்ப்பா.
இன்னார்ட்ட வாங்கினோம்னு எழுதி வைப்பாங்க.

"திருப்பிக் குடுப்பாய்ங்களா?"

அந்த வழக்கமில்ல.

"வெளங்கிரும்."
கடன் நோட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு
டிஸ்டில்டு வாட்டர் கேனை இழுத்தார்.
ஒரு மூடியைத் திருகிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்,
"எத்தனை கட்டுன? செத்தது எத்தனை?"

மூன்று மதிப்பீட்டாளர்கள் படித்த கட்டுரை அது.
ஒருவர் கால்புள்ளிகளைத் திருத்தினார்.
ஒருவர் தன்னுடைய ஐந்து கட்டுரைகளைச் சேர்க்கச் சொன்னார்.
மூன்றாமவர் எக்ஸ்ரே வரைபடத்தில்
கடுகளவு முகடு ஒன்றுக்கு விளக்கம் கேட்டார்.

கட்டியது ஐந்து.
நாகமலை அடிவாரம், சித்திரை, ஏசி நின்றுபோன அறை.
நாணயம் அளவுக் கலங்கள்.
நாற்பத்தோராம் சுற்றில் ஒன்று போனது,
அறுபத்துமூன்றில் இன்னொன்று.
இரண்டு சுமார்.
ஆறாம் படத்தில் இருப்பது மிச்சமிருந்த ஒன்று:
ஐந்நூறு சுற்று, எண்பத்தெட்டு விழுக்காடு,
ரசமட்டம் வைத்துப் பூசிய மாதிரி ஒரு கோடு.
உலகம் எடுத்துக்காட்டுவது அந்தக் கோட்டைத்தான்.
பொய்யில்லை.
எல்லாரும் அப்படித்தான் வரைகிறோம்.

ரெண்டுப்பா, என்றேன்.
"ம்" என்றார்.
ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு அறையாக விட்டு உறிஞ்சி
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து
பேட்டரி மேலேயே சாக்பீஸால் எழுதினார்:
ஆயிரத்து இருநூற்றைம்பது, இருநூற்றைம்பது, நாற்பது, ஐம்பது, நாற்பது,
கடைசியாக, மிதவை எழும்பாமல் கிடந்த அறைக்கு,
அதே அளவு எழுத்தில்,
ஆயிரத்து நூறு.

பிழைதிருத்தம் எழுத எனக்கு மூன்று வாரம் ஆனது.
ஐந்து கலம், ஐந்து கோடு, ஐந்து நிறம்.
அந்தக் கலங்களை அழுத்தி மூடிய இளம்பரிதி
இப்போது டெக்சஸில்.
"இது தேவையா மேடம்?" என்று ஒரு வரி போட்டான்,
அரை மணியில் இன்னொன்று: "என் பேரும் இருக்கட்டும்."
பதிப்பகம் கேட்டது:
ஆசிரியர் பெயரில் மாற்றம் உண்டா?
கட்டத்துக்குள் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
இல்லை என்பதை அழுத்தினேன்.

பதினான்கு மாதம் ஆகிறது.
பழைய கட்டுரை எழுநூறைத் தொடப்போகிறது.
திருத்தத்துக்கு நேற்று முதல் மேற்கோள்.
பெயர் தெரியாத ஊர், பெயர் தெரியாத மாணவி,
துணைக்குறிப்பின் கடைசிப் பத்தியில்:
காசிமாயனுக்கு நாற்பத்தொன்றில் போனது போல
எங்களுடையது முப்பத்தெட்டில் போனது.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.
காலையிலிருந்து ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை.
கடையில் கூட்டமாக இருக்கும்.